குளிர்கால மழைக்குப் பின் கலிபோர்னியா மலைப்பாதைகளில் பூக்கும் காட்டுப்பூக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பரில் மழை தொடங்கி, காய்ந்து கிடந்த மலைகள் பச்சை பிடித்ததும் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா தமிழ் நண்பர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வர ஆரம்பிக்கும். பூ எப்போது வரும், எங்கே போகலாம், குழந்தைகளை அழைத்துப் போகலாமா? கேட்பவர்களில் பலர் மனதில் வைத்திருப்பது ஏப்ரலில் கலிபோர்னியா பாப்பி பூத்து ஆரஞ்சு நிறமாகும் மலையை. அது அழகுதான். ஆனால் அதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே, கூட்டமே இல்லாத பாதைகளில், சின்னச் சின்னதாகப் பூக்காலம் தொடங்கிவிடுகிறது. அதைத் தவறவிடாதீர்கள் என்பதற்காகவே இந்தப் பக்கம்.

பூக்காலம் உண்மையில் எப்போது தொடங்குகிறது?

மான்சனீட்டா புதர்களைக் கணக்கில் எடுத்தால் டிசம்பரிலேயே. தரையோடு பூக்கும் செடிகள் என்றால் ஜனவரி நடுவிலிருந்து. பிப்ரவரியில் காட்டு நிழலிலும் ஓக் மரங்களின் அடியிலும் நிறையப் பார்க்கலாம். வெட்டவெளிப் புல்வெளிகள் மார்ச், ஏப்ரலில்தான் நிறம் கொள்ளும்.

தேதியைவிட இடம் முக்கியம். தெற்கு நோக்கிய சரிவுகளில் வெயில் நேராக விழுவதால் அங்கே முதலில் பூக்கும். வடக்கு நோக்கிய சரிவில் அதே பூ சில வாரம் பிந்தும். மேலே ஏற ஏற இன்னும் பிந்தும். ஆகவே ஒரு பூவைத் தவறவிட்டால் அதே மலையின் மறுபக்கத்துக்கோ இன்னும் உயரத்துக்கோ போய்த் தேடுங்கள்.

குளிரில் போய் ஏன் இந்தச் செடிகள் முளைக்கின்றன?

இங்கே மழை நவம்பர் முதல் மார்ச் வரைதான். மே முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் ஒரு சொட்டுக்கூட விழாது. சான் ஹோசேவுக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தே சுமார் 15 அங்குலம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தபின் நம் ஊர்க் கரட்டுநிலங்களில் பூண்டுகள் பூத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் கலிபோர்னியாவில் அடுத்து வரும் கோடை ஈவிரக்கம் இல்லாதது. அதனால் ஒருபருவச் செடிகள் முதல் நல்ல மழையில் முளைத்து, குளிரில் மெதுவாக இலை விட்டு, மண்ணில் ஈரம் இருக்கும்போதே பூத்துக் காய்த்து, விதையாகிக் கோடையைக் கடக்கின்றன. கிழங்குள்ள செடிகள் கோடையில் மண்ணுக்கு மேலே தடமே இல்லாமல் தூங்கிவிடும்.

ஜனவரி, பிப்ரவரியில் போனால் என்னென்ன கண்ணில் படும்?

எனக்கு மிகப் பிடித்த பருவம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மான்சனீட்டா. சிவந்த, வழுவழுப்பான பட்டை கொண்ட முறுக்கிய புதர். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் குட்டிக் குடுவை வடிவப் பூக்கள் கொத்துக்கொத்தாகத் தலைகீழாய்த் தொங்கும். அன்னா ஹம்மிங்பேர்ட் என்னும் குட்டிப் பறவை டிசம்பரிலேயே கூடு கட்டத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் மலையில் அதற்குக் கிடைக்கும் முக்கியமான தேன் இதுதான். உறக்கத்திலிருந்து எழும் பம்பிள் தேனீ ராணிகளும் இங்கேதான் வரும். இந்தப் பூவின் மகரந்தம் சிறு துளை வழியாக மட்டுமே உதிரும். தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு, பறக்க உதவும் தசைகளை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். நம் கத்தரிக்கும் தக்காளிக்கும் இதே முறைதான். காதைத் தீட்டிக்கொண்டு புதரருகே நின்றால் அந்த அதிர்வு, சாதாரணப் பறக்கும் ரீங்காரத்தைவிடக் கூர்மையாக, தனியாகக் கேட்கும்.

அடுத்து மில்க்மெய்ட்ஸ். ஓக் மர நிழலில், ஈரப் பாதையோரத்தில், நான்கு இதழ்கள் சிலுவை போல் விரிந்த வெள்ளைப்பூ. கடுகுக் குடும்பம். தரையோடு பூக்கும் செடிகளில் முதலில் வந்து நிற்பவற்றில் இதுவும் ஒன்று.

சீக்வோயா வகைச் செம்மரங்கள், அதாவது ரெட்வுட் மரங்கள் அடர்ந்த காடுகளில், மியூர் வுட்ஸ் போன்ற இடங்களில், ஃபெட்டிட் ஆடர்ஸ் டங் என்ற விநோதமான சின்னப் பூ ஜனவரி, பிப்ரவரியில் வரும். புள்ளி விழுந்த அகல இலைகள், ஊதாக் கோடுகள் ஓடிய மூன்று இதழ்கள், விரும்பத்தகாத நாற்றம். அந்த நாற்றம் காளான்களை நாடும் சிறு கொசுக்களுக்கான அழைப்பு. பூ முடிந்ததும் காம்பு வளைந்து காயைத் தரையில் கொண்டுபோய் வைக்கும். விதையை எறும்புகள் இழுத்துச் செல்லும். குனியாமல் நடப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

மவுன்ட் டயாப்ளோ, ஹென்றி கோ பூங்கா பக்கம் போனால் இந்தியன் வாரியர். அடர்சிவப்புக் கூம்புகள் மான்சனீட்டா, ஓக் புதர்களின் அடியில் கூட்டமாக நிற்கும். அது அங்கே நிற்பது தற்செயல் அல்ல. இச்செடி பாதி ஒட்டுண்ணி. தன் வேரைப் பக்கத்துச் செடிகளின் வேரில் சேர்த்து நீரும் சத்தும் எடுத்துக்கொள்கிறது. பிடுங்கி வீட்டில் நட்டால் பிழைக்காது.

ஹவுண்ட்ஸ் டங் அகலமான நாக்கு போன்ற இலைகளோடு பிப்ரவரியில் வரும். மொட்டு இளஞ்சிவப்பு, மலர்ந்தால் நீலம், நடுவில் வெள்ளை வளையம். ஷூட்டிங் ஸ்டார் பூவின் இதழ்கள் பின்னோக்கி மடிந்திருக்கும், கூர்மையான மூக்கு தரையைப் பார்க்கும். இதற்கும் அதிர்வு முறையில்தான் மகரந்தச் சேர்க்கை. இவற்றோடு எண்ணெய் தடவியதுபோல் மின்னும் மஞ்சள் பட்டர்கப். ட்ரில்லியம் மூன்று இலை, மூன்று இதழ் என்று ரெட்வுட் நிழலில் தனியாக நிற்கும். வெள்ளையாக மலர்ந்து நாளாக ஆக ரோஜா நிறத்துக்கு மாறும்.

ஒரே மலையில் ஓர் இடத்தில் கம்பளம் போலப் பூ, பத்தடி தள்ளிப் போனால் வெறும் புல். ஏன்?

பெரும்பாலும் பாறைதான் காரணம். பாதையோரத்தில் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், தொட்டால் சோப்பு போல் வழுக்கும் கல்லைக் கவனியுங்கள். சர்ப்பென்டைன் என்று பெயர். 1965 முதல் கலிபோர்னியாவின் மாநிலப் பாறை. இது சிதைந்து உண்டாகும் மண்ணில் நைட்ரஜனும் கால்சியமும் குறைவு, மக்னீசியமும் நிக்கலும் அதிகம். பெரும்பாலான செடிகளுக்கு இது ஒத்துக்கொள்ளாது.

நாம் ரசிக்கும் பச்சை மலைகளில் இருப்பது பெரும்பாலும் ஐரோப்பியப் புல். 1700-களின் இறுதியில் ஸ்பானியர் வந்தபோது அவர்களோடும் கால்நடைகளோடும் வந்த காட்டு ஓட்ஸ், ப்ரோம் வகைகள். நல்ல மண்ணில் இவை உயரமாக வளர்ந்து சிறு பூச்செடிகளை மூடிவிடுகின்றன. சர்ப்பென்டைன் மண்ணில் இந்தப் புல்லால் செழிக்க முடியவில்லை. அங்கே இந்த மண்ணின் பழைய பூக்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன: தங்கக் காசுகளாகக் கோல்டுஃபீல்ட்ஸ், வெள்ளை விளிம்பிட்ட டைடி டிப்ஸ், இளஞ்சிவப்பு ஆவுல்ஸ் க்ளோவர்.

ரெட்வுட் சிட்டியில் உள்ள எட்ஜ்வுட் பூங்கா இதைப் பார்க்கச் சிறந்த இடம். அங்கே கோல்ஃப் மைதானம் கட்டத் திட்டமிருந்தது; பூக்களை நேசித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 1993-இல் அதை இயற்கைக் காப்பிடமாக்கினார்கள். சான் மட்டேயோ தார்ன்மின்ட் என்ற அருகிவிட்ட செடியும் அங்கே இருக்கிறது.

பே செக்கர்ஸ்பாட் என்ற வண்ணத்துப்பூச்சியின் கதையும் இதே மண்ணோடு பிணைந்தது. அதன் புழுக்கள் ட்வார்ஃப் பிளான்டெய்ன் என்னும் விரல்நீளச் செடியையும் ஆவுல்ஸ் க்ளோவரையும் தின்றே வளர்கின்றன. 1987-இல் அது அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. வேட்டையோ பூச்சிமருந்தோ மட்டும் அதன் எதிரி அல்ல. எட்ஜ்வுட்டை ஒட்டி ஓடும் 280 நெடுஞ்சாலையின் கார்ப்புகையில் உள்ள நைட்ரஜன் மண்ணில் படிந்து, ஏழை மண்ணுக்கு உரமாகிவிட்டது. உரம் கிடைத்ததும் ஐரோப்பியப் புல் உள்ளே வந்து அந்தக் குட்டிச் செடியை நெரித்தது. எட்ஜ்வுட்டில் வண்ணத்துப்பூச்சி அற்றுப்போனது. பின்னர் சான் ஹோசேக்குத் தெற்கே உள்ள கொயோட்டி ரிட்ஜிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அந்த ரிட்ஜில் மாடுகள் மேய்ந்து புல்லைக் குட்டையாக வைத்திருப்பதால்தான் பூக்கள் நிற்கின்றன. பூப்பாதையில் மாடு நிற்பதைப் பார்த்தால் எரிச்சலடைய வேண்டாம்.

மலை முழுக்க மஞ்சளாகப் பூத்திருக்கிறதே, அது என்ன காட்டுப்பூ?

இடுப்பளவுக்கு மேல் உயர்ந்து நிற்கும் மஞ்சள் என்றால் அநேகமாகக் கடுகு. நாம் தாளிக்கும் கருங்கடுகும் அதன் உறவினங்களும்தான். இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்து, மற்றதை வளரவிடாமல் இடத்தைப் பிடித்துக்கொண்டவை. கோடையில் காய்ந்து நிற்கும் தண்டுகள் தீ பரவவும் வழி செய்கின்றன. பிப்ரவரியில் சாலையோரமெங்கும் எலுமிச்சை மஞ்சளாகப் பூக்கும், மூவிலை கொண்ட தாழ்ந்த செடி தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது; நம் புளியாரைக்கு உறவு. கண்ணுக்கு அழகு என்பதை மறுக்கவில்லை, ஆனால் கடுகு மலையைப் பார்த்துவிட்டுக் கலிபோர்னியாவின் காட்டுப்பூவைப் பார்த்துவிட்டோம் என்று திரும்பிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

பாப்பி பார்க்க இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனோம். எல்லாம் மூடியிருந்தன. ஏன்?

காலையில் சீக்கிரமோ மேகமூட்டத்திலோ பலத்த குளிர்காற்றிலோ போயிருப்பீர்கள். பாப்பி வெயிலுக்குத் திறந்து மாலையில் மூடும் பூ. காலை பத்து மணிக்குப் பிறகு, வெயில் உள்ள நாளில், காற்று அதிகமாகும் முன் போங்கள்.

மாநில மலராக 1903 முதல் இருப்பது இதுதான். 1816-இல் ரஷ்யக் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ வந்த சமிசோ என்ற தாவரவியலாளர், உடன் வந்த மருத்துவர் எஷ்ஷோல்ட்ஸின் பெயரை இதற்குச் சூட்டினார். பூவின் அடியில் திருப்பிப் பாருங்கள்: இளஞ்சிவப்பில் தட்டு போல ஒரு விளிம்பு இருக்கும். இதன் நெருங்கிய உறவுப் பாப்பிகளில் அந்த விளிம்பு தெரியாது. கடலோரத்தில் மஞ்சள் இதழும் ஆரஞ்சு நடுவுமாக இருக்கும், உள்நாட்டில் முழு ஆரஞ்சு. இதில் தேன் கிடையாது, வண்டுகளும் தேனீக்களும் மகரந்தத்துக்காகவே வருகின்றன. நம் ஊர்ச் சாலையோரத்துப் பிரம்மதண்டும் இதே குடும்பம்தான். அந்த மஞ்சள் இதழின் மெல்லிய சுருக்கத்தை நினைத்துப் பார்த்தால் உறவு புரியும்.

இந்த வருஷம் சூப்பர்ப்ளூம் வருமா?

பாலைவனமும் மலைகளும் ஒரே நேரத்தில் பூக்களால் நிறையும் அபூர்வமான பருவத்தைத்தான் சூப்பர்ப்ளூம் என்கிறார்கள். ஜனவரிக்கு முன் யாராலும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. பாலைவனத்தில் பல நிபந்தனைகள் ஒன்றுசேர வேண்டும். இலையுதிர்காலத்தில் மண்ணை நன்றாக ஊறவைக்கும் ஒரு மழை வேண்டும். பல விதைகளின் உறையில் முளைப்பைத் தடுக்கும் பொருள் உண்டு, சாரலில் அது கழுவிப் போகாது. அதன்பின் இடைவெளி விட்டு மழை, கடுங்குளிரோ திடீர் வெப்பமோ இல்லாத குளிர்காலம், நாற்றை உலர்த்தும் காற்று வீசாமை. மழை மட்டும் மிக அதிகமாகப் பெய்து அந்நியப் புல் முந்திக்கொண்டால் அதுவும் கெடும்.

மரணப் பள்ளத்தாக்கான டெத் வேலியில் 1998, 2005, 2016 ஆகிய ஆண்டுகள் பேசப்பட்டவை. தெற்குக் கலிபோர்னியாவில் 2017, 2019, 2023. 2019 மார்ச்சில் பூக்களோடு பெயின்டட் லேடி வண்ணத்துப்பூச்சிகளும் கோடிக்கணக்கில் வடக்கே பறந்தன. அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவில் நல்ல ஆண்டுகளில் பருந்துப்பூச்சி என்னும் பெரிய அந்துப்பூச்சியின் கொழுத்த புழுக்கள் பூச்செடிகளைத் தின்னும். வலசை போகும் ஸ்வெய்ன்சன் பருந்துகள் அந்தப் புழுக்களைத் தின்ன இறங்கும். பூ என்று நாம் போனாலும் அங்கே நடப்பது பெரிய விருந்து.

பெரிய ஆண்டு இல்லாவிட்டாலும் பூ உண்டு. பள்ளங்களில், பாறையிடுக்கில், ஓடைப் படுகையில் தேட வேண்டும், அவ்வளவே.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், அதிகம் ஏற முடியாது. எங்கே கூட்டிப் போவது?

மவுன்ட் டயாப்ளோவின் மிட்செல் கேன்யன் பாதை அகலமானது, தொடக்கத்தில் ஏற்றம் மிகக் குறைவு, ஓடையோரமாகப் போகும். சுனோல் பூங்காவின் கேம்ப் ஓலோனி சாலையும் அப்படியே. வேண்டிய தூரம் போய்த் திரும்பலாம். ஓரோவில் அருகே நார்த் டேபிள் மவுன்டன் தட்டையான எரிமலைப்பாறை மேடு. மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கத்தில் பூக்களுக்கு நடுவே அருவிகளும் ஓடும். அங்கே போகும் முன் வனவிலங்குத் துறையின் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். எட்ஜ்வுட்டில் வசந்தகால வார இறுதிகளில் தன்னார்வலர்கள் பூக்களை விளக்கிக் கூட்டிச் செல்வார்கள். கொஞ்சம் ஏற்றம் உண்டு, ஆனால் நின்று நின்று போவதால் பெரியவர்களுக்குச் சிரமம் குறைவு. அங்கே நாய்க்கும் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை.

தெற்கே லங்காஸ்டர் அருகிலுள்ள ஆன்டிலோப் வேலி பாப்பி காப்பிடத்துக்கு மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை போகலாம். காற்று பலமாக வீசும், பெரியவர்களுக்குக் காது மூடும் குல்லா அவசியம்.

ஒரே ஒரு பூ பறித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாமா? சாமிக்கு?

வேண்டாம். மாநிலப் பூங்காக்களிலும் கவுன்டிப் பூங்காக்களிலும் பறிப்பது சட்டப்படி குற்றம். பாப்பிக்கென்றே தனிச் சட்டம் இருப்பதாகச் சொல்வார்கள், அப்படி இல்லை. பொதுநிலத்திலோ பிறர் நிலத்திலோ அனுமதியின்றி எந்தச் செடியையும் பறிக்கக்கூடாது என்பதே சட்டம். தவிர, பாப்பி பறித்த சிறிது நேரத்தில் இதழ் உதிர்த்துவிடும், பூஜைத்தட்டு வரை வராது. பூவைக் கண்டால் பறித்துச் சூடவும் சாத்தவும் தோன்றுவது நமக்குள் ஊறிய பழக்கம், அதில் தப்பே இல்லை. அதற்கு வீட்டுத் தொட்டியில் செடி வையுங்கள். அக்டோபர், நவம்பரில், முதல் மழைக்குச் சற்று முன், கடையில் வாங்கிய பாப்பி விதையைத் தூவினால் மார்ச்சில் பூக்கும். மலையிலிருந்து விதை எடுக்க வேண்டாம்.

பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து, பட்டுப்பாவாடையில் குழந்தையை ஒரு போட்டோ எடுக்கிறோம், என்ன ஆகிவிடும்?

அந்தச் செடிகளில் பல ஒருபருவச் செடிகள். விதை முற்றும் முன் மிதிபட்டால் அடுத்த ஆண்டுக்கு அங்கே விதை விழாது. மிதித்த மண் இறுகி மழைநீரை உள்ளே விடாது. ஒருவர் போன தடத்தைப் பார்த்து அடுத்தவர் போவார், ஒரே வாரத்தில் அது பாதையாகிவிடும். லேக் எல்சினோர் நகரின் வாக்கர் கேன்யனில் 2019-இல் கூட்டம் தாங்காமல் வழிகளை அடைக்க நேர்ந்தது. 2023-இல் பூ உச்சத்துக்கு வரும் முன்பே நகராட்சி மூடிவிட்டது. பாதையிலேயே குழந்தையை நிறுத்தி, நீங்கள் பாதையிலேயே மண்டியிட்டுத் தாழ்வான கோணத்தில் எடுத்தால் பின்னால் பூக்கள் அடர்ந்து தெரியும். நடுவில் போய் உட்கார்ந்து எடுத்த படத்தைவிட அது நன்றாகவே வரும்.

குழந்தைகளுக்குக் காட்ட சுவாரசியமாக ஏதாவது?

லூபின். நீலப் பூங்கொத்தில் மேலிதழில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். மகரந்தம் சேர்ந்து வயதான பூவில் அந்தப் பொட்டு ஊதாச்சிவப்பாக மாறிவிடும். தேனீ வெள்ளைப் பொட்டுள்ள பூவுக்கே போகும். ஒரே கொத்தில் இரண்டு நிறமும் இருக்கும், தேனீ எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். காலையில் இலையின் நடுவே ஒரு பனித்துளி நிற்பதையும் காட்டுங்கள்.

பாய்சன் ஓக், உண்ணி, பாம்பு எல்லாம் இருக்குமாமே?

இருக்கும். பாய்சன் ஓக் மூன்று மூன்றாக இலை விடும். பிப்ரவரி, மார்ச்சில் இளந்தளிர் சிவந்து பளபளக்கும், அழகாக இருக்கிறதென்று குழந்தைகள் தொடுவது அப்போதுதான். குளிர்காலத்தில் இலையற்ற குச்சியிலும், தோலைப் புண்ணாக்கும் அதன் எண்ணெய் உண்டு. சேராங்கொட்டையும் முந்திரியும் சேர்ந்த குடும்பம் இது. சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிப் புண்ணாகும் என்று பாட்டிமார்களுக்குத் தெரியும், அவர்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். பட்டுவிட்டால் சீக்கிரம் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், உடுப்பையும் துவையுங்கள்.

உண்ணி மழைக்காலத்திலும் வசந்தத்திலும் புல்நுனியில் காத்திருக்கும். பாதை நடுவே நடங்கள், வெளிர்நிறக் கால்சட்டை போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். உண்ணி பரப்பும் லைம் நோய் தொற்றுவதற்கு அது பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். அன்றே எடுத்துவிடுவது அதனால்தான் முக்கியம். காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் போங்கள். பாம்புக்கு: கை வைக்கும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் பார்த்து வைத்தால் போதும்.

மழை பெய்த மறுநாளே போகலாமா?

ஒன்றிரண்டு நாள் விட்டுப் போங்கள். களிமண் பாதை செருப்பைப் பிடித்துக்கொள்ளும், சேற்றைத் தவிர்க்க ஓரமாக நடந்து நாமே செடிகளை மிதிப்போம்.

பூவின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐநேச்சுரலிஸ்ட் செயலி பெரும்பாலும் சரியாகச் சொல்லும். பூவை மட்டும் எடுக்காமல் இலை, தண்டு, பூவின் அடிப்பகுதி மூன்றையும் எடுங்கள். அருகிவிட்ட இனங்களின் இடத்தை அது தானே மறைத்துவிடும், நீங்களும் அவற்றின் இடத்தை வெளியே பகிராதீர்கள். எந்த இடத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தேட கால்ஃப்ளோரா தளம் நல்லது. தென் கலிபோர்னியாவுக்கு தியடோர் பெய்ன் அறக்கட்டளை மார்ச் முதல் மே வரை வாரந்தோறும் எங்கே என்ன பூத்திருக்கிறது என்று தொலைபேசியில் சொல்கிறது.

காட்டுத்தீ எரித்த இடத்துக்குப் போவதில் அர்த்தம் உண்டா?

உண்டு, பாதை திறந்திருந்தால். சில விதைகள் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்து, தீயின் புகையிலுள்ள வேதிப்பொருள் பட்ட பிறகே முளைக்கும். விஸ்பரிங் பெல்ஸ் அப்படிப்பட்டது. மவுன்ட் டயாப்ளோவில் 2013 செப்டம்பரில் மார்கன் தீ எரிந்தபின் 2014 வசந்தத்தில் அந்தக் கரிந்த சரிவுகளில் அது மலர்ந்தது.

இதே மலையில் மவுன்ட் டயாப்ளோ பக்வீட் என்ற இளஞ்சிவப்புச் செடி 1936-க்குப் பின் யார் கண்ணிலும் படவில்லை, அழிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். 2005-இல் மீண்டும் கிடைத்தது. தீயோடு இதற்குத் தொடர்பில்லை. ஆனால் டயாப்ளோ போகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வராது.

ஏப்ரலும் தவறிவிட்டது. இனி அடுத்த வருஷம்தானா?

மேயில் புல் பொன்னிறமான பிறகும் கிளார்க்கியா ஊதாவாகப் பூக்கும், மரிபோசா அல்லிகள் காய்ந்த புல்லுக்கிடையே கிண்ணமாக விரியும். சோப் பிளான்ட் என்னும் செடியின் வெள்ளைப்பூ கோடைப் பிற்பகலில், ஐந்து மணி வாக்கில்தான் திறக்கும். அதன் கிழங்கை இந்த மண்ணின் பூர்வகுடிகள் சோப்பாகவும் மீன் மயக்கவும் பயன்படுத்தினார்கள். ஜூன், ஜூலையில் சியரா மலைகளில் பனி உருகியதும் அங்கே மறுபடி வசந்தம். எட்டாயிரம் அடிக்கு மேல் போனால் ஷூட்டிங் ஸ்டாரின் உறவுகளை ஈரப் புல்வெளிகளில் ஜூலையிலும் பார்க்கலாம். அங்கே கொசு அதிகம், நீளக்கைச் சட்டை எடுத்துப்போங்கள்.